பூதம் வரும் நேரத்துக்குக் கரண்ட் போகணும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் மானம் ஒரு பச்சை ரெக்சின் பூதத்தின் கையில் இருந்தது.

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

ரெண்டு மாசத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் டி.வி. தொடரைப் பற்றி எழுதியிருந்தேன். விண்வெளிக் கப்பலில் ஏறிக்கொண்டு வாரம் ஒரு கிரகத்துக்குப் போவார்களே, அந்த வகைத் தொடர். அதில் ஒரு எபிசோடை நான் காலேஜ் படிக்கிற காலத்தில், மெட்ராசில் சித்தி வீட்டுக் கறுப்பு வெள்ளை டி.வி.யில் பார்த்தேன். அதற்கப்புறம் எத்தனையோ பார்த்தாச்சு. அது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

கதை சின்னதுதான். ஆளில்லாத ஒரு கிரகம். ஒரு கூடாரத்தில் ஐந்து பேர். வெளியே ஆளையே உறைய வைக்கிற காற்று. தினமும் பொழுது சாய்ந்தால் ஒரு பூதம் வந்து கதவுக்கு வெளியே நிற்கும். இவர்கள் பயந்துபோய் அதைச் சுட்டு விரட்டிவிடுவார்கள். விரட்டின பிறகுதான் தெரியும் — அது அடிக்க வரவில்லை. காற்று உள்ளே வராமல் கதவை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது! காயத்தோடு அது எங்கேயோ பனியில் கிடக்கிறது. கதவைத் திறந்து அதைக் கூப்பிடலாமா? திறந்தால் உள்ளே இருக்கிற ஐந்து பேரின் கதி? முடிவு பண்ண வேண்டியவள் அந்த டீமில் இருக்கும் டாக்டரம்மா.

'இதைப் போல ஒரு மணி நேரத்தை எந்த டி.வி.யும் காட்டியதில்லை. பூதத்தைப் பார்த்தால் மூச்சே நின்றுவிடும்' என்று எழுதினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

எதிர்வீட்டு விமலா அந்தப் பக்கத்தைத் தெரு அசோசியேஷன் கமிட்டியில் மலையாளத்தில் மொழிபெயர்த்து வாசித்துவிட்டாள். திருவனந்தபுரத்தில் ஒரு விஷயம் கமிட்டிக்குப் போனால் தீர்மானம் ஆகாமல் வெளியே வராது. அடுத்த குடும்ப சங்கமத்தில், அதாவது தெருக்காரர்கள் எல்லாரும் குடும்பத்தோடு கூடுகிற கூட்டத்தில், இந்த எபிசோடைத் திரையிடுவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. கேசட் ஏற்பாடு — நான்!

மஸ்கட்டில் இருக்கும் தம்பி எப்படியோ தேடிப் பிடித்து அனுப்பினான். ஆசை ஆசையாக நானும் என் வீட்டுக்காரரும் முதலில் போட்டுப் பார்த்தோம்.

ஐயோ.

சித்தி வீட்டு டி.வி. கறுப்பு வெள்ளை என்று சொன்னேன் அல்லவா? இது கலர். அந்த நாளில் இருட்டோடு இருட்டாக, என்னவென்றே தெரியாமல் நின்று என் குலையை நடுங்க வைத்த பூதம், இப்போது பளீரென்று பச்சை நிறத்தில் வந்து நின்றது. ஆட்டோ சீட்டுக்குப் போடுகிற ரெக்சின். திரும்பும்போது முதுகில் ஜிப். நடக்கும்போது முழங்காலில் சுருக்கம் விழுகிறது.

என் வீட்டுக்காரர் ராக்கெட் ஆபீசில் இன்ஜினியர். அவருக்குக் கேட்கவா வேண்டும்?

"காற்று பட்டா ஆள் உறைஞ்சிடுவான்னு சொல்றாங்க. அந்த ஆளைப் பாரு, அரைக்கை சட்டை!"

"பேசாம பாருங்க."

"அந்தப் பாறை ஆடுது. கார்ட்போர்டு. பூதத்துக்கு வேர்க்குது, அதையும் பாரு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பதினோரு வருஷமாக எழுதுகிறேன். நான் நல்லாயிருக்கு என்று எழுதினால் நம்பிப் போய்ப் பார்க்கிறவர்கள் நீங்கள். அந்த நம்பிக்கை ஒன்றுதான் இந்தப் பக்கத்துக்கு முதல். அறுபது பேர் உட்கார்ந்து இந்த ஜிப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டால், அப்புறம் நான் எதை நல்லது என்று சொன்னாலும் யார் காதில் ஏறும்?

அப்போதுதான் என் கணக்கு டீச்சர் மூளை விழித்துக்கொண்டது.

எங்கள் ஏரியாவில் லோட் ஷெட்டிங் தினமும் ஏழரையிலிருந்து எட்டு. நிமிஷம் பிசகாது. பூதம் முழுசாகத் தெரிவது படம் ஆரம்பித்த இருபத்தெட்டாவது நிமிஷத்தில், ஒரு ஐந்து நிமிஷம். ஆக, ஏழு மணி இரண்டு நிமிஷத்துக்குப் படத்தைப் போட்டால்? பூதம் வரும், கரண்ட் போகும்! எட்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் நாற்காலி இழுக்கிற சத்தத்தில் ரிமோட்டை ஒரு தட்டு தட்டி அந்த ஐந்து நிமிஷத்தைத் தாண்டிவிடலாம்.

சங்கமம் ஆறு மணிக்கு. பிரார்த்தனைப் பாட்டு, வரவேற்பு எல்லாம் இருபது நிமிஷம். பாக்கி நாற்பது நிமிஷத்துக்கு அசோசியேஷன் தலைவர் இருக்கவே இருக்கிறார்! பாஸ்கரன் பிள்ளை சார், ரிட்டயர்டு தாசில்தார். குப்பைத் தொட்டி திறப்பு விழாவுக்கே முக்கால் மணி நேரம் பேசினவர். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று வியாழக்கிழமையே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லி வைத்தேன். "சார், இந்தத் தடவை நல்லா விஸ்தாரமாப் பேசணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஓ, ஆயிக்கோட்டே," என்றார். சரி, ஆகட்டும்!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் பெரிய டி.வி. சாலை மார்க்கெட் கடையிலிருந்து வாடகை நாற்காலி. பிரார்த்தனை, வரவேற்பு எல்லாம் என் கணக்குப்படி நடந்தன. ஆறு இருபதுக்குத் தலைவர் மைக்கைப் பிடித்தார். நான் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"எல்லாருக்கும் நமஸ்காரம். நல்ல படம்னு டீச்சர் எழுதியிருக்காங்க. நாம பார்ப்போம். நன்றி."

உட்கார்ந்துவிட்டார்!

அசோசியேஷன் சரித்திரத்தில் நடக்காத அதிசயம். ஜனங்கள் கை தட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல். எனக்கோ முழுசாய் நாற்பது நிமிஷம் பாக்கி! செக்ரட்டரியைப் பிடித்து மைக் பக்கம் தள்ளினேன். அவர் எட்டு நிமிஷம் தாக்குப்பிடித்தார். வேறு வழி? நானே மைக்கைப் பிடித்தேன். அந்தக் காலத்துத் தொடரில் பணம் கம்மி, கதை ஜாஸ்தி என்றேன். கதாசிரியர் பூதத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை, பயத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டார் என்றேன். சொன்னதையே திருப்பிச் சொன்னேன். பின்வரிசையில் ஒரு குழந்தை வாய்விட்டு அழ ஆரம்பித்தது.

"டீச்சரே, மதி. படம் இடூ!" என்று குரல் வந்தது. போதும், படத்தைப் போடுங்க. சொன்னது எனக்குத்தான்.

ஆறு ஐம்பதுக்குப் பத்து வினாடி இருக்கும், படம் ஓட ஆரம்பித்தது.

ஏழேகாலுக்கு மேல், ஜகஜ்ஜோதியான வெளிச்சத்தில், இருபத்தொன்பது அங்குலத் திரையில் பூதம் வந்தது. முதலில் யாரோ 'க்ளுக்' என்றார்கள். பூதம் திரும்பி ஜிப் தெரிந்ததும் கார் ஷெட்டே குலுங்கியது. விமலா என் பக்கம் திரும்பி, "மூச்சு நின்னுடும்னு எழுதினியே, நிஜமாவே நிக்குதுடி!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பூமி பிளந்து என்னை விழுங்கிக்கொள்ளாதா என்றிருந்தது.

கதை நகர்ந்தது. பூதத்தைச் சுட்டு விரட்டினார்கள். எதற்காக நின்றது என்று தெரிந்தது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியதைக்கூட நான் கவனிக்கவில்லை. டாக்டரம்மா எழுந்து கதவருகே போனாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்...

டப்.

ஏழரை. கரண்ட் கட்.

"அய்யோ!" — அறுபது பேரும் ஒரே குரலில்.

எமர்ஜென்சி விளக்கு வந்தது. சரி, எல்லாரும் வீட்டைப் பார்த்துப் போவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தர் எழுந்திருக்கவில்லை.

"அவ திறக்கணும். நல்லது பண்ண வந்ததைச் சுட்டுட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கிறது நியாயமா?" என்றாள் விமலா.

"திறக்கான் பாடில்ல," என்றார் பாஸ்கரன் சார். திறக்கவே கூடாதாம். "உள்ளே நாலு உயிர் இருக்கு. அவளோட பச்சாதாபத்துக்கு அவங்க சாகணுமா?"

அவ்வளவுதான். தெரு ரெண்டாகப் பிரிந்தது. புருஷன் திறக்கணும் என்றால் பெண்டாட்டி கூடாது என்றாள். ஜிப்பைப் பற்றி ஒருத்தர்? பாறை ஆடினதைப் பற்றி ஒருத்தர்? மூச்! வீட்டில் அரைக்கை சட்டையைக் கிண்டல் பண்ணின என் வீட்டுக்காரர், "ரெண்டு நிமிஷம் திறந்தா உள்ளே எவ்வளவு சூடு மிஞ்சும்?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் நிஜமாகவே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்க பார்த்தவங்கதானே? திறப்பாளா, மாட்டாளா? சொல்லுங்க," என்று நச்சரித்தார்கள்.

"சொல்ல மாட்டேன். பாருங்க," என்றேன். ரிமோட்டை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். இனி அந்த டாக்டரம்மாவே பார்த்துக்கொள்வாள் என்று தோன்றிவிட்டது.

எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. மிச்சம் எட்டு நிமிஷம். அதில் பூதம் கிடையாது. பின்னணி இசை கிடையாது. ஒரு கதவு, ஒரு கை, காற்றின் ஊளை. அவள் திறந்தாள். காற்று உள்ளே பாய்ந்தது. திரை முழுக்க வெள்ளை. எல்லாரும் ஒடுங்கி ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொள்கிறார்கள்... தரையில் மெல்ல ஒரு நிழல் விழுந்தது. காற்றின் சத்தம் நின்றது.

அது திரும்பி வந்து கதவை மறைத்துக்கொண்டு நின்றுவிட்டது. காட்டவே இல்லை. நிழல் மட்டும்.

எழுத்து ஓட ஆரம்பித்தது. விமலா மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். எனக்கு மறுபடியும் இருபது வயசு.

அதனால் வாசகர்களே, நான் எழுதினதில் ஒரு திருத்தம். பூதம் மகா மட்டம். அதைப் பார்த்து யாருக்கும் மூச்சு நிற்காது. அந்தக் கதவைப் பற்றி எழுதியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டேன்.

நாற்காலியை அடுக்கும்போது பாஸ்கரன் சாரிடம் கேட்டே விட்டேன். "ஏன் சார் இன்னிக்கு இப்படிச் சுருக்கிட்டீங்க?"

"என்னைக் கொஞ்ச நேரம் பேசுங்கன்னு சொன்னவங்க உண்டு டீச்சரே. நிறையப் பேசுங்கன்னு இந்த ஜன்மத்துல ஒருத்தரும் சொன்னதில்ல. என்னமோ ஒளிக்கிறீங்கன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு," என்றார்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். லோட் ஷெட்டிங், ரிமோட், ஐந்து நிமிஷம், எல்லாம். மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் சொன்னார்:

"அடுத்த மாசமும் உங்களுக்குப் பிடிச்சது ஒண்ணு போடணும். ஆனா ஒரு கண்டிஷன் — எங்களுக்கு முன்னாடி நீங்க அதைப் பார்க்கப்படாது!"