டம்ளரும் ஐந்து குண்டுக்கோழிகளும்

எக்ஸ்ரே அக்காவிடம் போய் யாரும் பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. விலா ஒடிந்துவிட்டது என்று லீவுக்கு அடிபோடுகிற ஆளை நிற்க வைத்து, படுக்க வைத்து, “மூச்சை இழுத்துப் பிடிங்க... ம், விடுங்க” என்பாள். அவ்வளவுதான், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அதே ஆஸ்பத்திரி, அதே இருட்டறைப் பக்கத்து நாற்காலி. அவளுக்கென்று அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அதற்கு வேலை இல்லை.

அக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. படத்தின் ஓரத்தில் இது இடது, இது வலது என்று காட்டுகிற ஈய எழுத்தை வைக்காமல் எவ்வளவு அவசரமானாலும் படம் எடுக்க மாட்டாள். ஒருநாள் பெரிய டாக்டரே வந்து, “முட்டிதானேம்மா, எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாதா, சீக்கிரம் எடு” என்று குதித்தார். “உங்களுக்குத் தெரியும் டாக்டர். படத்துக்குத் தெரியணுமே” என்று சொல்லிவிட்டு, எழுத்தைத் தேடி எடுத்து, நிதானமாக ஒட்டிவிட்டுத்தான் எடுத்தாள். டாக்டர் முகம் போன போக்கை லேப் அண்ணன் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். லேப் அண்ணன் என்பவர் பக்கத்து அறையில் ரத்தம் சோதிக்கிறவர். நம்ம கதையின் சேவலைக் கொண்டுவந்து கொடுத்த புண்ணியவான் அவர்தான்.

அக்கா வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஐந்து கோழிகள். ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்குக் குறையாது. செம்பட்டை நிறம், தூண் மாதிரி கால். நடந்து வந்தால் வாசற்படியில் சத்தம் கேட்கும். முன்னாடி இவற்றோடு ஒரு பெரிய சேவல் இருந்தது. முரட்டுப் பயல். ஏறி மிதித்து மிதித்தே ஐந்து பேர் முதுகிலும் இறகு போய், தோல் சிவந்து கிடந்தது. அக்கா மஞ்சளும் எண்ணெயும் தடவித் தடவிப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அவனை எதிர்வீட்டுக் கொழுந்தனிடம் தள்ளிவிட்டாள். “சேவல் இல்லாட்டியும் முட்டை வரும். எங்க பொண்ணுங்க நிம்மதியா இருக்கட்டும்” என்றாள்.

முட்டை வரும், குஞ்சு வராதே. கோழிகளில் மூத்தவளுக்கு வயசாகிக்கொண்டிருந்தது. அவளைப் போல அடையில் உட்காருகிறவள் மற்ற நான்கு பேரில் ஒருத்தி கிடையாது. இன்னும் ஒரு தரம் உட்கார்ந்தால் பெரிய விஷயம், அதற்குள் நாலு குஞ்சாவது பார்த்துவிட வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. இதை லேப் அண்ணனிடம் சொன்னாள். மறுநாள் அவர் ஊசி வருகிற அட்டைப்பெட்டியில் எதையோ கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

திறந்தால் ஒரு குட்டிச் சேவல். குஞ்சு என்று நினைத்தாள். “குஞ்சு இல்ல, ஒன்றரை வயசு ஆம்பள. சாதியே இவ்வளவுதான். இவன் மிதிச்சா முதுகு போகாது” என்றார் லேப் அண்ணன். நிற்க வைத்துப் பார்த்தால் தண்ணீர் குடிக்கிற டம்ளருக்கு ரெண்டு விரல் உசரம் கூட இருக்கும். கொண்டை மட்டும் குறைவில்லை. டம்ளர் என்ற பேர் அந்த நிமிஷமே வந்து ஒட்டிக்கொண்டது.

முதல் வாரம் டம்ளர் பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வரக் கூடாது. பக்கத்தில் போனால் ஒருத்தி மண்டையில் கொத்துவாள், நகர்ந்து போனால் இன்னொருத்தி காலால் தள்ளுவாள். தீனித் தட்டுக்குள் தலையை விட்டான், மூத்தவள் அவன்மேலேயே ஏறி நின்று சாப்பிட்டாள். ஆனால் பயல் சளைக்கவில்லை. மண்ணைக் கிளறி ஒரு புழு கிடைத்தால் தான் தின்னமாட்டான். ‘டுக்கு டுக்கு டுக்கு’ என்று கூப்பிட்டு, புழுவைத் தூக்கித் தூக்கிப் போட்டு, ஒரு பக்கத்து இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடுவான். நாலு நாள் அவள்கள் கண்டுகொள்ளவில்லை. ஐந்தாம் நாள் ஒருத்தி வந்து புழுவைத் தின்றாள். பத்தாம் நாள் ஐந்து பேரும் அவன் குரல் கேட்டால் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவருகிற மாதிரி ஓடி வந்தார்கள். ராத்திரி கம்பில் இரண்டு குண்டுக்காரிகளுக்கு நடுவே அவன் தலை மட்டும் தெரியும். அக்காவுக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

எல்லாம் சரி, அவனுக்குத் தொண்டை இருக்கிறதே. உடம்பில் இல்லாததை எல்லாம் அங்கே வைத்திருந்தான். அக்காவின் வீட்டுக்காரர் பேக்கரியில் அடுப்பு வேலை. சாயங்காலம் போனால் ரொட்டியெல்லாம் இறக்கிவிட்டு விடிந்து ஆறு மணிக்கு வருவார். ஆறரைக்குப் படுப்பார். ஆறு முப்பத்தொன்றுக்கு ஜன்னலுக்கு நேர் கீழே டம்ளர் ஆரம்பிப்பான். பஞ்சு வைத்துப் பார்த்தார், தலையணையைக் காதில் அமுக்கிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் ரொட்டி மாவில் உப்புக்குப் பதில் சர்க்கரையைக் கொட்டிவிட்டு வந்து நின்றார்.

“இங்க பாரு, ஒண்ணு அவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

“அவன் வந்த வேலை முடியட்டுங்க. ஒன்பது முட்டை வெச்சு மூத்தவ அடைக்கு உக்காந்தாச்சு. குஞ்சு பொரிச்சா அவன் இங்கதான் இருப்பான். முட்டை எல்லாம் கூமுட்டைன்னா, தம்பிகிட்ட குடுத்துடறேன்.”

தம்பி என்றது எதிர்வீட்டுக் கொழுந்தனை. அவன் ஏற்கெனவே, “அண்ணி, இந்த உசரத்துக்கு அது ஏணி வெச்சாத்தான் ஏற முடியும். எங்கிட்ட குடுங்க, ஒரு வேளை சூப்புக்காவது ஆகும்” என்று சிரித்துக்கொண்டே கேட்டு வைத்திருந்தான். சிரித்துக்கொண்டு சொன்னாலும் அவன் சொன்னால் செய்கிற ஆள். டம்ளரின் உசிர் அந்த ஒன்பது முட்டைக்குள் இருந்தது. அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும்.

அடைக்கு வைத்து எட்டாம் நாள், சனிக்கிழமை. டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரம். ஆனாலும் பார்த்துவிடலாம் என்று டார்ச்சையும், படம் சுற்றி வருகிற கறுப்புக் காகிதத்தில் ஓட்டை போட்ட ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டாள். மூத்தவள் அடையில் கையை விட்டதும் நறுக்கென்று ஒரு கொத்து. ஓரத்தில் இருந்த மூன்று முட்டையை மட்டும் உருவிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, இருட்டில் காகித ஓட்டைமேல் முட்டையை வைத்து அடியிலிருந்து டார்ச் அடித்தாள். எட்டு நாளில் உள்ளே நரம்பு ஓடியிருக்க வேண்டும், நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு அசைய வேண்டும். மூன்றும் பளிச்சென்று வெறுமையாக இருந்தன. இருபத்திரண்டு வருஷம் நிழலைப் பார்த்தே சோறு சாப்பிட்டவளுக்கு இதில் என்ன சந்தேகம்?

மூன்றையும் கூட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு, படுக்கையறை வாசலில் நின்று சொன்னாள். “ஓரத்து முட்டை மூணு எடுத்துப் பாத்தேங்க. ஒண்ணுலயும் ஒண்ணும் இல்ல. சொன்ன சொல்லு சொன்னதுதான். சாயங்காலம் தம்பி வந்து எடுத்துட்டுப் போகட்டும்.”

வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து, “ம்” என்றார்.

சாயங்காலம் கொழுந்தன் கூடையோடு வந்தான். டம்ளர் அவன் கையில் அகப்பட்டபோதும் வாயில் ஒரு பூச்சியை வைத்துக்கொண்டு கோழிகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அக்கா அடுப்படிக்குள் போய், கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். அழவில்லை என்று அவள் சொல்வாள், நம்ப வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கொல்லைப்புறத்தில் சத்தமே இல்லை. கூமுட்டையை வைத்துக்கொண்டு மூத்தவள் பட்டினி கிடப்பானேன் என்று அக்கா வாளியோடு போனாள். ஒரு கையால் அவளைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஏழு, எட்டு, ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

வைத்தது ஒன்பது.

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூத்தவள் தண்ணி குடிக்க எழுந்து போன நேரம் பார்த்து மற்றவள்கள் வந்து அதே கூட்டில் முட்டை போட்டிருக்கிறார்கள். அவள் பார்த்த மூன்றும் ஒருநாள், ரெண்டு நாள் முட்டை. அதில் நரம்பு எங்கிருந்து வரும்? அடைக்கு வைக்கிற முட்டையில் பென்சிலால் ஒரு கோடு கிழிப்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை கூடச் செய்யும். பெரிய டாக்டரையே நிறுத்தி வைத்து அடையாளம் ஒட்டினவள், சொந்த வீட்டில் ஒரு கோடு கிழிக்காமல் விட்டிருக்கிறாள்.

முட்டையெல்லாம் முந்தானையில் அள்ளிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். மூன்று வெறுமை. ரெண்டு கலங்கல். மீதி ஏழிலும் சிவப்பு சிவப்பாக நரம்பு, நடுவில் பொட்டு. ஒன்று வெளிச்சம் பட்டதும் துள்ளிக்கூடக் காட்டியது. “அடப்பாவிப் பயலே, ஏழு” என்றாள் அக்கா. அடுத்த நொடியே எதிர்வீட்டுச் சூப்பு ஞாபகம் வந்துவிட்டது.

ஏழையும் மூத்தவளுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுக்கையறைக்குப் போனாள். சத்தமே இல்லாத காலை, மனுஷன் குறட்டை விட்டுத் தூங்கியிருக்க வேண்டும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நான் தப்பாப் பாத்துட்டேன். மத்ததுங்க வந்து அதே கூட்டுல போட்டிருக்கு.”

“தெரியும்” என்றார்.

“என்ன தெரியும்?”

அவர் எழுந்து உட்கார்ந்தார். “இவன் கூவுறதுல தூக்கம் வராம ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே படுத்திருப்பேன். ஒரு மூணு நாளா அந்தச் சின்னவளுங்க நுழைஞ்சு நுழைஞ்சு வர்றதைப் பாத்தேன். நீ நேத்து ஓரத்து முட்டைன்னு சொன்னப்பவே தெரிஞ்சு போச்சு. ஒரே ஒரு நாள் தூங்கிக்கலாம்னு வாயை மூடிக்கிட்டேன். இன்னிக்கு வந்து படுத்ததுல இருந்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல.”

அக்காவுக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. தலைக்கேறி வந்தது. “இருபது வருஷமா பக்கத்துலயே இருக்கீங்க, உங்களை நான் ஒரு படம் எடுக்காமப் போயிட்டேனே” என்றாள். “நகருங்க, நான் போய்த் தம்பிகிட்ட சொல்லணும். வேலை தெரியாதவள்னு சிரிப்பான், சிரிச்சுட்டுப் போகட்டும்.”

“நீ இரு. நான் போறேன்.”

போட்டிருந்த பனியனோடு, செருப்புக்கூடப் போடாமல் தெருவைக் கடந்தார். அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்வாசலில் கவிழ்த்த கூடை ஒன்று இருந்தது. அதன் இடுக்கு வழியாக ஒரு கொண்டை தெரிந்ததும்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

“அந்தச் சேவலைக் குடுடா.”

கொழுந்தன் கையில் கரண்டியோடு வெளியே வந்தான். “என்ன அண்ணே, கூமுட்டைன்னு அண்ணி சொன்னாங்க? அவங்க பார்வை தப்பாதே?”

தெருவில் பால்காரர் நின்றார், பக்கத்து வீட்டம்மா நின்றாள். வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தவில்லை. “அவ பார்வையில தப்பு இல்ல. மத்த கோழிங்க அந்தக் கூட்டுல புகுந்து முட்டை போட்டதைப் பாத்தவன் நான். பாத்துட்டு, என் தூக்கத்துக்காக சொல்லாம விட்டதும் நான்தான். ஏழு முட்டையில உசிர் இருக்கு.”

“அது சரி. அடுப்புல தண்ணி கொதிக்குதே, அண்ணே?”

“டீத்தூளைப் போடு. எங்க ரெண்டு பேருக்கும் சேத்து.”

டீ இறங்குகிற வரைக்கும் பொறுமை இல்லை. கூடையை நிமிர்த்தி, டம்ளரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பி நடந்தார். நடுத்தெருவுக்கு வந்தபோது டம்ளர் கழுத்தை நீட்டி, கொல்லைப்புறத்து வாசனை பிடித்து, அவர் காதுக்கு நேரே வாயை வைத்து ஒரு கூவல் கூவினான். மூன்று வீடு தள்ளித் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் நின்று, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அவன் முழுசாகக் கூவி முடிக்கிற வரைக்கும் அசையாமல் நின்றார், பிடியையும் விடவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, கேட்டருகே நிற்கிறவளிடம் வந்தார்.