கமலாட்சி துலக்கிய முகம்

பர்மாத் தமிழர்கள் வாழும் தாமுவேயில் கமலாட்சியைத் தெரியாதவர்கள் உண்டு; அவள் துலக்கிய பித்தளையைத் தெரியாதவர்கள் இல்லை. காளி கோயில் குத்துவிளக்கை அவள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் தங்கம் தோற்கும். அந்தக் கைராசியைப் பார்த்துத்தான், இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் கணவனை இழந்து நின்றவளை மாதா கோயிலில் துப்புரவு வேலைக்கு வைத்தார்கள்.

வெள்ளைக்காரன் கட்டிய செங்கல் கோயில் அது. பீடத்துக்கு மேலே, விக்டோரியா ராணி காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த வண்ணக்கண்ணாடிச் சன்னல். நீல முக்காட்டில் மாதா, மடியில் குழந்தை. அவள் வேலைக்குச் சேர்ந்த நாளில் மாதாவின் முகம் கறுத்துக் கிடந்தது. கமலாட்சிக்கு மனசு கேட்கவில்லை. வருடம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு முன் ஏணி போட்டு ஏறினாள்; விளக்குக்குச் செய்வதுபோலவே புளியைப் பூசி, ஊறவிட்டு, சாம்பலால் தேய்த்தாள். முகம் ஒளிர்ந்துகொண்டே வந்தது. தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கண் கூசும். மாதாவின் கண்ணும் மூக்கும் அந்த வெளிச்சத்துக்குள் இருப்பதாகவே நம்பியிருந்தாள்.

நிலநடுக்கத்துக்குப் பிறகு, பழைய கட்டடங்களைச் சீர்செய்யும் பொறியாளர் பாசில் விரிசல் பார்க்க வந்தார். விருந்தாளி வருகிறார் என்று, இதுவரை தொடாத குழந்தையின் முகத்திலும் காலையிலேயே புளியைப் பூசி வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள் கமலாட்சி.

தட்டோடு அவள் திரும்பியபோது பாசில் சன்னலைச் சுட்டிக்காட்டிப் பாதிரியாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஃபாதர், மாதா முகம் எங்கே போச்சு?”

“மழையில கரைஞ்சிருக்கும்.”

“மழை வெளிப்பக்கம்தானே அடிக்கும். கண்ணு, மூக்கு எல்லாம் உள்பக்கம் தூரிகையால எழுதி, சூளையில சுட்டது. அந்தக் காலத்து மை சிலது சரியா வேகலை. அழுத்தித் தொட்டாலே உதிரும். இதைப் பாருங்க.”

மேசைமேல் ஒரு பழைய புகைப்படத்தை வைத்தார். கமலாட்சி எட்டிப் பார்த்தாள். இமை தாழ்ந்த இரண்டு கண்கள். உதட்டோரம் சிரிப்பு. அவள் ஒருநாளும் காணாத முகம்.

தட்டு கைநழுவி விழுந்தது.

“என்ன டோ கமலா, மறுபடியும் நிலம் ஆடுதா?” என்று பர்மிய மரியாதை அடைமொழியோடு கேட்டுச் சிரித்தார் பாதிரியார்.

“குழந்தை முகமாச்சும் மிஞ்சிச்சே” என்றார் பாசில்.

“சயா...” பர்மிய மொழியில் ‘ஐயா’ என்று அழைத்தபடி அவள் சன்னலைக் காட்டினாள். “அது மேல புளி ஊறுது.”

பாசில் ஏணியை நோக்கி ஓடினார். பின்னாலேயே ஓடியவள் துணியோடு கையை நீட்டினாள்.

“தேய்க்காதீங்க அக்கா. தண்ணி மட்டும் குடுங்க.”

மேலே நின்று, அந்தத் துணியை நனைத்துத் துளித்துளியாகப் பிழிந்தார். பழுப்பு நீர் இறங்கியது. அதில் மெல்லிய கறுப்பு இழைகள் மிதந்து வந்தன. ஏணியைப் பிடித்திருந்த கமலாட்சி அண்ணாந்து பார்த்தாள்.

“போச்சா, சயா?”

“வாய் போச்சு. கண்ணு நிக்குது.”

அவள் பாதிரியார் பக்கம் திரும்பினாள். “மழை இல்லை, ஃபாதர். மாதா முகத்தை அழிச்சது நான்தான். இருபத்திரண்டு வருஷமா, ஆசையா அழிச்சேன்.”

கமலாட்சி தன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். மேலே, வாயில்லாத குழந்தை முகமில்லாத தாயையே பார்த்துக்கொண்டிருந்தது.