ஜக்கம்மாள் வைத்த பொட்டு

கரித்துண்டு எது கைக்கு வந்தாலும் இன்னொரு துண்டோடு காதோரம் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாரீஸ்வரி சாக்கில் போடுவாள். கணீரென்றால் தலையாட்டுவாள். சத்தம் மொத்தென்று விழுந்தால், "இது வேகலத்தா, வெறகுப் புத்தி இன்னும் போகல" என்று ஓரமாக எறிவாள்.

பரளச்சி ஊர்ச் சோலைச்சாமியின் இரண்டாவது மகள் அவள். எம்.ரெட்டியபட்டியில் வாக்கப்பட்டாள். மழை பொய்த்த காட்டில் கேட்காமலே முளைப்பது சீமைக்கருவேலம் ஒன்றுதான். அதை வெட்டி அடுக்கி, தழை போர்த்தி, மண் பூசி, உள்ளுக்குள்ளேயே புழுங்கவிட்டால் கரி. அந்த மூட்ட வேலைக்குக் கல்யாணமான புதிதிலிருந்து கரி வியாபாரி சுந்தரபாண்டியிடம் கூலிக்கு நின்றாள். "கரியெல்லாம் எம் மூஞ்சில, காசெல்லாம் அண்ணாச்சி மடியில" என்று சிரிப்பாள்.

போன வருசம் மாசியில், சொந்தமாக மூட்டம் போட மகளிர் குழுவில் லோன் கேட்டாள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற எல்லார் தலையிலும் விடியும் கடன் அது. குழுவில் இருந்த ஜக்கம்மாள் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள். வேறு யாருமில்லை, மாரீஸ்வரியின் மாமியாருக்குத் தங்கை மகள், நாத்தனார் முறை.

"நாலு ஆடு வாங்குடி. அது கண்ணுக்குத் தெரியும். பொகைய நம்பி நான் கையெழுத்துப் போடவா?"

"ஆட்டப் பத்தி எனக்கு என்ன மதினி தெரியும்? பொகை பேசுறது தெரியும்."

மற்ற பெண்கள் ஏசிய ஏச்சில், முகத்தைத் திருப்பிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள் ஜக்கம்மாள்.

மூட்டத்தில் விரலளவு வெடிப்பு விட்டால் போதும், காற்றுப் புகுந்து அத்தனையும் சாம்பல். கடனில் எல்லாருக்கும் பங்கு இருந்ததால் குழுவே முறைவைத்துக் காவல் காத்தது. காப்பி குடிக்கப் போகிறவள்கூட, "ஏடி, லோனு வேகுது, கண்ண எடுக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள்.

ஒரு நடுப்பகலில் காற்று சுழற்றி அடித்தது. மாரீஸ்வரி தண்ணீருக்குப் போயிருந்தாள். காவல் முறை ஜக்கம்மாளுடையது. மேல்பக்கம் பொத்துக்கொண்டு தீ நாக்கை நீட்டியது. "லோனுல தீப்பிடிச்சிருச்சு, ஓடியாங்கடி!" என்று அலறிக்கொண்டே, குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கவிழ்த்து மண்ணைக் குழைத்து வெறுங்கையால் அப்பினாள். மாரீஸ்வரி ஓடி வந்தபோது ஓட்டை அடைபட்டிருந்தது. மதினியின் முந்தானை நுனி பொசுங்கியிருந்தது. உள்ளே கரியா சாம்பலா என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

மூட்டத்தைப் பிரிக்கிற அன்று சுந்தரபாண்டியும் பைக்கில் வந்து நின்றார். "எதுக்கும் சட்டி பானைய எடுத்து வைங்கத்தா. வெளக்கச் சாம்பல் கெடைக்கும்."

மாரீஸ்வரி மேல்மண்ணைத் தள்ளினாள். தீ எட்டிப் பார்த்த பக்கத்திலேயே முதலில் கைவிட்டு இரண்டு துண்டை எடுத்தாள். காதோரம் தட்டினாள். கணீர்! ஜக்கம்மாளின் காதோரம் கொண்டுபோய் இன்னொரு தட்டு. கணீர்! பெண்கள் போட்ட குலவை ரோட்டில் போன ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டது.

சுந்தரபாண்டி வழக்கம்போல ஒரு விலையைச் சொன்னார்.

"வெலைய நாங்க சொல்லுவோம் அண்ணாச்சி. செத்த நேரம் அந்த நெழல்ல நில்லுங்க."

அவள் வாரக்கூலிக்குக் காத்து நின்ற அதே வேலமர நிழலில் அவர் போய் நின்றார்.

அதற்கப்புறம் எத்தனையோ மூட்டம் பிரித்தாயிற்று. லோனும் அடைந்தது; ஒழுகின கூரை போய்த் தளமும் விழுந்தது. பிரிக்கிற நாளுக்கு ஜக்கம்மாள் அந்தப் பொசுங்கின சேலையைத்தான் கட்டிக்கொண்டு வருவாள். "ஊருக் கண்ணு பொல்லாததுடி" என்று கரியில் விரலைத் தேய்ப்பாள். மாரீஸ்வரிக்கோ நெற்றியிலிருந்து தாடைவரை கரி. பொட்டு வைக்க இடம் ஏது? ஜக்கம்மாள் தன் முந்தானையில் எச்சில் தொட்டு அவள் கன்னத்தை அழுத்தித் துடைப்பாள். துடைத்த அந்த ஓரிடத்தில் திருஷ்டிப் பொட்டை வைப்பாள்.