திங்கட்கிழமைக் கிணறு

நிலம் காட்டுவது பெரிய வித்தை இல்லை. வாங்க வருகிறவர் மனசுக்குள் ஏற்கெனவே வாங்கிவிட்ட நிலத்தை மறக்கவைப்பதுதான் எங்கள் தொழிலில் பெரும்பாடு.

கண்ணமங்கலத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். யார் எந்த நிலத்தை விற்கப்போகிறார்கள் என்பது, பட்டா நகல் எடுக்க வரும்போதே, அவர்கள் வீட்டு அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் தரகுக்கு வந்தேன். ஊரில் ஜெராக்ஸ் அக்கா என்றால்தான் தெரியும். நிலம் தேடி அலைந்தவர்களும், தேடுகிறவர்களை வெயிலில் இழுத்துக்கொண்டு அலைந்தவர்களும் இதைப் படித்தால், என் முழங்கால் வலி அவர்களுக்குப் புரியும்.

மலை தெரியணும்

போன ஐப்பசியில் மோகன் சாரும் அவர் மனைவி விமலா அக்காவும் வந்தார்கள். சாருக்கு அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை, அப்போதுதான் ரிட்டயர் ஆகியிருந்தார். கையில் வந்த பணம்தான் மொத்த ஆஸ்தி. பிள்ளைகள் இல்லை. வாடகை வீட்டைத் தையில் காலி செய்வதாக வாக்கு கொடுத்தாயிற்று. ஒரே தடவைதான் வாங்க முடியும், தப்பாக வாங்கினால் திரும்பிப் போக இடமில்லை என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார்.

சார் சொன்னது வேறு. ஜன்னலைத் திறந்தால் ஜவ்வாது மலை தெரியணும். பக்கத்தில் ஓடை, வாசலில் தார் ரோடு, கூப்பிடு தூரத்தில் ஆஸ்பத்திரி. விலை மட்டும் குறைவாக இருக்கணும். ரோட்டோரமாக நாலு இடம் காட்டினேன். நாலாவது இடத்தின் விலையைக் கேட்டுவிட்டுச் சார் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்த வெலைக்கு மலையும் சேத்துத் தருவாங்களாம்மா?"

மேலே சல்லிசாமே

மலைமேல் சல்லிசாகக் கிடைக்கும் என்று யாரோ சாருடைய காதில் ஓதிவிட்டார்கள். மேலே இருப்பது மலைவாழ் மக்களின் நிலம், பலவற்றை வெளியாள் பேரில் மாற்றவே முடியாது என்று பஸ் ஏறுவதற்கு முன்பே படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே! வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் இறங்கினோம்.

ஒருத்தர் சாமை அறுத்துக்கொண்டிருந்தார். சார் வரப்பில் நின்றபடியே விலை கேட்டார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அந்த மனுஷர் கோபப்படவில்லை. அரிவாளைக் கீழே வைத்தார், மூன்று பேருக்கும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நாங்கள் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்: "இத்த வித்துட்டு நாங்க எங்கங்க போறது, உங்க வூட்டுக்கா?"

அக்காவின் நோட்டு

விமலா அக்கா ஒரு நோட்டு வைத்திருந்தார். நிலத்தின் விலை அதில் ஒரு வரிதான். மீதிப் பக்கமெல்லாம் வேலி, காட்டுப்பன்றி, கரண்ட் சர்வீஸ், கேஸ் சிலிண்டர், சாருக்கு மாசாமாசம் வேலூரில் பார்க்கவேண்டிய இருதய வைத்தியம். எங்கள் தொழிலில் இந்த மாதிரி நோட்டு வைத்திருக்கிறவர்களைக் கண்டால் கொஞ்சம் பயம்தான். மலையைப் பார்க்கிறவருக்கு நிலம் விற்றுவிடலாம், நோட்டைப் பார்க்கிறவருக்கு விற்பது கஷ்டம்.

படவேட்டுப் பக்கம் இடம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, என்னிடம் கேட்காமல் நேராகக் கண்டக்டரிடம் போய்க் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். ராத்திரி நெஞ்சு வலித்தால் எப்படிப் போவது என்ற கவலை அவருக்கு. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "ஏழரைக்கும்மா. அதுக்குள்ள ஒடம்புக்கு வர்ற மாதிரி பாத்துக்கங்க."

இருக்கிற கிணறு

கார்த்திகை மழை விட்டதும் படவேட்டில் செல்வத்தோடு சேர்ந்து ஒரு ஏக்கரைக் காட்டினேன். செல்வம் எனக்குக் கூட்டுத் தரகர். நிலத்துக்குப் பின்னால் மலை, ஓரத்தில் ஒரு கல் கட்டடக் கிணறு, கைவிட்டு மொண்டுக்கலாம் போல விளிம்புவரை தண்ணீர். சார் குனிந்து முகம் கழுவினார். அப்போதே தெரிந்துவிட்டது, மனுஷர் விழுந்துவிட்டார். இடம் மற்றதைவிட மலிவுதான். ஏன் மலிவு என்று அவர் கேட்கவில்லை.

நானும் சொல்லவில்லை. அந்தக் கிணற்றுக்குப் பங்காளிகள் ஏழு பேர், ஆளுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் மோட்டார் போடலாம். நிலத்தை விற்கிற மூத்தவருக்குத் திங்கட்கிழமை. எங்கள் பக்கத்து வழக்கம் இது, பத்திரத்திலும் ஏழில் ஒரு பாகம் என்று ஒரு வரி இருக்கும். கிணறு இருக்கா என்று கேட்டால் இருக்கு என்போம். யாருது என்று கேட்டால்தான் மிச்சத்தைச் சொல்வோம். அன்றைக்கு எனக்கு மனசு கேட்கவில்லை, சொல்லிவிடலாமா என்று செல்வத்திடம் முணுமுணுத்தேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்: "கேக்காத கேள்விக்குப் பதில் சொல்றதுக்கு நீ இன்னா வாத்தியாராக்கா?"

மடியில் ஒரு கட்டை

அடுத்த வெள்ளிக்கிழமை அட்வான்ஸ். வெற்றிலை பாக்குத் தட்டை வரப்பில் வைத்தாயிற்று. மூத்தவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார், சார் பையைத் திறந்தார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அதுதான் என் தப்பு, இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

விமலா அக்கா மட்டும் மோட்டார் ரூம் பக்கம் போயிருந்தார். மூத்தவருடைய தம்பி மனைவி தண்ணீர் பாய்ச்சி முடித்து, மோட்டாரை நிறுத்தி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் சொருகிக்கொண்டிருந்தாராம். முறை முடிந்தால் கட்டையை வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் முறைக்காரரிடம் கொடுப்பது இங்கே சாதாரணம், இல்லாவிட்டால் யாராவது திருட்டுத்தனமாகப் போட்டுவிடுவார்கள். அக்காவுக்கு அது விசித்திரமாகப் பட்டிருக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறார். பிறகு அந்தம்மாவைக் கையோடு தட்டுக்கு முன்னால் கூட்டிவந்து, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அந்தம்மா வெள்ளந்தியாகச் சொன்னார்: "இன்னிக்கி என் மொறைங்க, நாளைக்கி கொழுந்தனாருது. நீங்க வாங்கினா உங்களுக்குத் திங்கக்கெழமை."

சார் பையை மூடினார். உனக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியும் என்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொல்வதற்கு நான் அவ்வளவு கூசியதில்லை. அக்கா திட்டவில்லை, நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு சொன்னார்: "உன்ன நம்பித்தான் நோட்ல தண்ணிக்கான பக்கத்த காலியா விட்டிருந்தேன்."

சித்திரைப் பரீட்சை

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து அக்கா போன் செய்தார், படவேட்டில் ஒரு வாடகை வீடு பார்க்கச் சொல்லி. தையில் சாமானோடு வந்து இறங்கினார்கள். வெயில் காலம் முழுக்க அந்தக் கிணற்றைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சு என்றார். மூத்தவரும் சரி என்று காத்திருந்தார். ஏழு முறைக் கிணற்றை எடுக்க வேறு ஆள் வரவேண்டுமே!

திங்கட்கிழமை தோறும் அக்கா கிணற்றுமேட்டில் ஆஜர். சித்திரையில் நானும் போய் எட்டிப் பார்த்தேன், தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. முக்கால் மணி நேரத்தில் மோட்டார் காற்றை இழுத்தது. ஒரு ஏக்கருக்கு அது காணாது. ஒரு வீட்டுக்கும் பத்துத் தென்னைக்கும் காணும். ஆகவே முப்பது சென்ட் மட்டும், திங்கட்கிழமை முறையில் முதல் அரை மணி நேரத்தோடு சேர்த்து எழுதி வாங்கினார்கள். மிச்சப் பணம் வேலூர் வைத்தியத்துக்கும் ராத்திரி வாடகைக் காருக்கும் பேங்கில் இருக்கிறது. அம்பத்தூரில் தண்ணி லாரி என்றைக்கு வரும் என்றே தெரியாது, இங்கே கிழமையாவது தெரிகிறதே என்று சாருக்கு ஒரே சந்தோஷம்.

பத்திரம் முடிந்து என் தரகை எண்ணிக் கொடுத்தார் அக்கா. ஏக்கருக்கு வரவேண்டியது முப்பது சென்ட்டுக்குச் சுருங்கியிருந்தது, ஆனாலும் வாங்கக் கை நீளவில்லை. அதைக் கவனித்துவிட்டுக் கையில் அழுத்திக்கொண்டே சொன்னார்: "வாங்கிக்கோ. நாங்க கேக்காததையும் சொல்லணும்னுதான் உனக்கு இதக் குடுக்குறோம்."

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் மோட்டார் ரூமைத்தான் காட்டுகிறேன், அவர்கள் என்னவோ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைத்தான் போட்டோ எடுக்கிறார்கள்.