ஒதிலியாவுக்கு வாய்க்காத கத்தி

ஒதிலியா ஆன்திமானுக்கு வேலை பிடிக்கும். வேலைக்கு வேண்டிய கத்திதான் அவளுக்கு அமையவே இல்லை.

அலுமினே பள்ளத்தாக்கில் மார்ச் மாதம் செம்மான்கள் துணை தேடிக் கத்த ஆரம்பிக்கும். அப்போது தோன் பெனிக்னோ நிர்வாகம் பார்த்த பண்ணைக்கு மெந்தோசாவிலிருந்தும் புயனோஸ் அயர்ஸிலிருந்தும் வேட்டைக்காரர்கள் வந்து இறங்குவார்கள். மானைச் சுட்டுக் கொம்பைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டதும் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்கள். அதற்கப்புறம் கொட்டகையில் கொக்கியில் தொங்கும் மானும் ஒதிலியாவும் மட்டும்தான் மிச்சம். தோலை உரித்துக் கறியைப் பிரிக்க வேண்டும். தலையைப் பாடம் பண்ணிச் சுவரில் மாட்டுவார்கள் என்பதால் கண், காது, உதட்டைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோலில் ஒரு கீறல்கூடப் படாமல் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கைப்பழக்கம் அவளுக்கு இளவயதில் சபாலாவில் இருந்த முயல்கறி ஆலையில் வந்தது. குளிர்காலம் முழுக்க அங்கே நின்று முயல் உரித்தாள். பிறகு பண்ணையில் வேட்டைக்கு வழிகாட்டியாக இருந்த எவாரிஸ்தோவைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்துசேர்ந்தாள். வந்த புதிதில் ஊர்க் கொல்லன் பழைய கலப்பைத் தட்டின் இரும்பை வெட்டி அவளுக்கு ஒரு கத்தி அடித்துக் கொடுத்தான். குட்டையான அகல அலகு, வெட்டும் பக்கம் வயிறு மாதிரி வளைந்து இருக்கும். தோலுக்கும் சதைக்கும் நடுவில் ஓடும்போது எதையும் குத்தாதபடி நுனி மழுங்கல். துடைக்காமல் வைத்தால் துருப்பிடித்துவிடும், ஆனால் ஆற்றுக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும். பல வருஷம் அதை வைத்துத்தான் பிழைத்தாள்.

ஒருநாள், மான் பருவம் தொடங்கப்போகிற நேரத்தில், எவாரிஸ்தோ ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தான்.

"கிழவி, ஒண்ணு சொல்லணும். கோவப்படாத."

"நீ இப்படி ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வருது. சொல்லு."

"குதிரை ஏத்தற வண்டிக் கதவுல போல்ட்டு சிக்கிக்கிச்சு. நெம்பறதுக்குக் கையில வேற எதுவும் இல்ல."

அவன் நீட்டிய கத்தியில் முன்பாதி காணோம். ஒதிலியா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வேற எதுவும் இல்லன்னா பல்லால கடிச்சு இழுத்திருக்கணும்."

"பல்லு உடைஞ்சிருக்குமே."

"உடையட்டும். உன் பல்ல வச்சு நான் தோல் உரிக்கல."

கொல்லன் அதற்கு முந்திய வருஷமே மகளோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டான். ஆகவே ஒதிலியா அலுமினே ஊருக்குள் இருந்த வேட்டைச் சாமான் கடைக்குப் போனாள். அங்கே கத்திகளைச் சிவப்புத் துணியின்மேல் நகை மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரன் ரொசேந்தோ ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தான். நீளமான அலகு, ஊசி நுனி. அலகின் முதுகுப்பக்கம் மானின் வயிற்றைக் கிழிப்பதற்கென்று ஒரு கொக்கியும் இருந்தது.

"தோன்யா ஒதிலியா, இந்த எஃகு அப்படிப்பட்டது. ஒரு வருஷத்துக்குத் தீட்டவே வேணாம்."

"ஒரு வருஷம் கழிச்சு?"

"நெயூகென் பட்டணத்துக்கு அனுப்பி மெஷின்ல தீட்டிக்கலாம்."

"மானையும் கூடவே அனுப்பட்டுமா?"

ரொசேந்தோ சிரித்தான். ஒதிலியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடையில் இருந்ததெல்லாம் அதே ரகம்தான். பருவம் வாசலில் வந்து நின்றதால் வேறு வழியில்லாமல் அதையே வாங்கிக்கொண்டு வந்தாள்.

முதல் மானிலேயே அந்தக் கொக்கிக்குள் மயிர் போய் அடைத்துக்கொண்டது. இரண்டாவது மானில் ஊசி நுனி குடலைக் குத்தி, கொட்டகை முழுக்க நாற்றம், கறியை அலசி அலசிக் கை விறைத்துப் போயிற்று. அதன்பிறகு ஒரு காட்டுப்பன்றி வந்தது. பன்றி சேற்றில் புரண்டு புரண்டு அதன் மயிருக்குள் மண் கல்லாகக் காய்ந்திருக்கும். கழுவிவிட்டு, அலகைத் தோலுக்கு உள்ளேயிருந்து வெளிப்பக்கமாக விட்டு அறுத்தாலும் கூர் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஒரு வருஷம் தாங்கும் என்ற கூர் அந்த ஒரே பன்றியோடு போயிற்று. அவள் ஆற்றுக்கல்லை எடுத்துத் தீட்டினாள். கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனதே தவிர அலகு அசைந்து கொடுக்கவில்லை. எவாரிஸ்தோ கொட்டகைப் பக்கமே வராமல் குதிரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் தன் உடைந்த கத்தியையே எடுத்து, மிச்சமிருந்த பாதியை அரத்தால் ராவி உருட்டி, அதை வைத்து ஓட்டினாள். அதுவாவது கையில் நின்றது. தோன் பெனிக்னோவின் கண்ணில் அது பட்டுவிட்டது.

"ஒதிலியா, விருந்தாளிங்க நீ வேலை செய்யறத வீடியோ எடுக்கறாங்க. கையில உடைஞ்ச கத்தியோட நிக்கிறியே, பண்ணைக்கு இது அழகா?"

"வீடியோவுல கத்திதான் தெரியுதா? மான் தெரியலியா?"

"சொன்னா கேளு."

அந்த வாரமே அவர் ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தார். உள்ளே மான்கொம்புப் பிடி போட்ட கத்திகள், ஒவ்வொன்றிலும் பண்ணையின் சூட்டுக்குறி. அலகுகூட மோசமில்லை என்று ஒதிலியா நினைத்தாள். ஆனால் பிடியை மெருகேற்றி, அதன்மேல் வார்னிஷ் வேறு பூசியிருந்தார்கள். விரல் முன்னால் போகாமல் தடுக்க அலகுக்கும் பிடிக்கும் நடுவில் ஒரு மேடும் இல்லை.

"தோன் பெனிக்னோ, கையில கொழுப்புப் பட்டா இது வழுக்கும்."

"தொடைச்சுக்க வேண்டியதுதானே?"

"தொடைச்சுக்கிட்டே இருந்தா உரிக்கிறது எப்போ?"

அவர் விருந்தாளிகளைப் பார்க்கப் போய்விட்டார். பெட்டி மட்டும் கொட்டகையில் இருந்தது.

அது நடந்தது ஒரு பெரிய ஆண் மானில். பருவத் தொடக்கம் என்பதால் மார்பில் கொழுப்பு கட்டியாக இருந்தது. இரண்டு விருந்தாளிகள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒதிலியா மார்புத் தோலை இடது கையால் இழுத்துப் பிடித்து, பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கத்தியை வலது கையால் உள்ளே தள்ளினாள். கத்தி நின்ற இடத்தில் நின்றது, கை மட்டும் வழுக்கி அலகின்மேல் போயிற்று. வலி உடனே தெரியவில்லை. ரத்தம் சூடாக மணிக்கட்டில் ஓடியபோதுதான், காலையில் செத்த மானில் இவ்வளவு சூடு இருக்காதே என்று அவளுக்கு உறைத்தது.

எவாரிஸ்தோ வண்டியை எடுத்தான். சபாலா மருத்துவமனை போய்ச்சேரும்வரை ஒதிலியா துணி சுற்றிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். உள்ளே தசைநார் அறுந்து சுருண்டு போயிருந்தது. மருத்துவர் தேடி எடுத்துத் தைத்தார். சுண்டுவிரல் பழையபடி மடங்குவது சந்தேகம்தான் என்று அப்போதே ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அவர் சொன்னபடி அது மடங்கவில்லை.

தோன் பெனிக்னோ வீட்டுக்கு வந்து பார்த்தார். பழங்கள் கொண்டுவந்திருந்தார். போகும்போது, "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றார்.

"கவனமாத்தான் புடிச்சேன். புடியிலதான் புடிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

"ஒசந்த கத்தி அது, ஒதிலியா."

"சுவத்துல மாட்டுங்க. மான் தலைக்குப் பக்கத்துல நல்லா இருக்கும்."

அதற்கப்புறம் அவள் பண்ணைக்குப் போகவில்லை. வெட்டுக்காயம் ஆறிவிட்டது. 'கவனம்' என்ற அந்தச் சொல் மட்டும் ஆறவில்லை. அடுப்பில் ரொட்டியைத் திருப்பும்போதுகூட அது ஞாபகம் வந்து, கரண்டியைப் படீரென்று வைப்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் காட்டுப்பன்றிகள் பள்ளத்தாக்கில் இறங்கி ஆட்டுக்குட்டிகளைத் தூக்க ஆரம்பித்தன. ஆடு வளர்க்கிறவர்கள் பன்றிகளைச் சுட்டார்கள். சுட்டதை என்ன செய்வது என்று தெரியாமல் ஒதிலியாவிடம் கொண்டுவந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த விறகுக் கொட்டகையில் ஒரு கொக்கி மாட்டி, அவள் மறுபடி வேலையைத் தொடங்கினாள். பன்றிக்கறியில் புழு இருக்கிறதா என்று பார்க்க விலாவுக்கு அடியிலுள்ள தசையில் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பி, சரி என்று வந்த பிறகுதான் தொடைகளை உப்பில் போடுவாள், தொத்திறைச்சி அடைப்பாள்.

மறுபடியும் கத்திதான் பிரச்சினை. இப்போது பிடிக்கிற கையே வேறு கையாகிவிட்டது. சுண்டுவிரல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

எவாரிஸ்தோவைக் கூட்டிக்கொண்டு சபாலாவுக்குப் போனாள். கசாப்புக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடை அங்கே ஒன்று இருந்தது. அதை நடத்தியவள் எர்சிலியா, நல்ல பருத்த பெண்மணி, மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் குடுவையைக் கீழே வைக்காமலே வியாபாரம் பார்ப்பாள். ஒதிலியா பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். உள்ளே பன்றிக் கொழுப்பு. அதை உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு ஒரு கத்தியை எடுத்தாள்.

எர்சிலியா குடுவையின் உறிஞ்சு குழலிலிருந்து வாயை எடுத்தாள். "என்னம்மா பண்றே?"

"புடிச்சுப் பாக்கறேன்."

"வாங்காத கத்திக்கெல்லாம் கொழுப்பு தடவுனா யாரு தொடைக்கிறது?"

"நான்தான். துணி கொண்டாந்திருக்கேன்."

கெட்டி பிளாஸ்டிக் பிடி போட்ட, பார்க்க லட்சணமே இல்லாத கத்திகள். முயல் ஆலையில் எல்லாருக்கும் கொடுத்த கத்தியும் இந்த மாதிரிதான் இருக்கும். அலகுகள் அவளுக்குப் பிடித்துப்போயின. கல்லில் தீட்டினால் கூர் வருகிற பதம், வளைந்த வயிறு, மழுங்கிய நுனி. பிடியும் சொரசொரப்பாக இருந்ததால் கொழுப்புக் கையிலும் வழுக்கவில்லை. ஆனால் கை பின்னால் நழுவாமல் இருக்க கிட்டத்தட்ட எல்லாப் பிடியின் கடைசியிலும் ஒரு குமிழ் வைத்திருந்தார்கள். சுண்டுவிரல் மடங்கி உட்கார வேண்டிய இடம் அது. ஒதிலியாவின் விரல் அதில் முட்டிக்கொண்டு நின்றது. குமிழ் இல்லாத கத்தி ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் எலும்பிலிருந்து கறியை எடுக்கிற ஒல்லிக் கத்தி. அதை ஒதுக்கி வைத்துக்கொண்டாள், அதுவும் தேவைதான். தோல் உரிக்கிற கத்தி மட்டும் ஒன்றுகூடச் சேரவில்லை. எடுத்து, பிடித்து, துடைத்து வைத்து, அடுத்ததை எடுத்தாள். கண்ணில் நீர் முட்டியது, எரிச்சலில்தான்.

"மாப்பிள்ளை பாக்கும்போது இவ்வளவு பாத்தியா?" என்று கேட்டாள் எர்சிலியா.

"பாத்திருந்தா இன்னிக்கு இங்க வந்து நிக்க வேண்டியிருக்காது."

வாசலில் நின்ற எவாரிஸ்தோ தெருவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அலகு சரியாக இருந்த ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, குமிழை ரம்பத்தால் அறுத்து அரத்தால் ராவினார்கள். எவாரிஸ்தோ அளவு தெரியாமல் ராவி, உள்ளேயிருந்த இரும்பு வெளியே வந்துவிட்டது. அந்தக் கத்தி போயிற்று. திரும்ப சபாலா. இந்த முறை ஒதிலியா அரத்தை அவன் கையில் கொடுக்கவில்லை. இடது கையால் அவளே மெல்ல மெல்ல ராவினாள். ஒருவழியாகப் பிடிக்கத் தகுந்த ஒரு கத்தி வந்தது. திருப்தி என்று சொல்ல முடியாது. பாதிப் பன்றி ஆனதும் மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்துவிடும். முன்பு மூன்று விலங்கு முடித்த நேரத்தில் இப்போது ஒன்றுதான் முடிந்தது.

அடுத்த மார்ச்சில் ஒருநாள் பக்கத்துப் பண்ணை நிக்கானோர் ஒரு பன்றியைக் கொண்டுவந்து போட்டான். தூக்கிக் கட்டி, கழுவி, பின்னங்கால் தோலை அவள் இறக்கிக்கொண்டிருந்தபோது அவன் அவள் கையைப் பார்த்துச் சிரித்தான்.

"விரல நீட்டிக்கிட்டு, பீங்கான் கோப்பையில டீ குடிக்கிற சீமாட்டி மாதிரியே இருக்கீங்க தோன்யா."

"வாய மூடிக்கிட்டுக் காலப் புடி."

அப்போது கொட்டகை வாசலில் தோன் பெனிக்னோ வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"ஒதிலியா, இந்த வருஷம் ஆள் சரியா அமையல. நீ வரணும்."

"என் கத்தியோடதான் வருவேன்."

அவர் அவள் கையிலிருந்ததைப் பார்த்தார். பிடியில் அரம் போட்ட தழும்பு, ஓரத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் பிசிறு.

"சரி. கொட்டகைக்குப் பின்பக்கம் ஒரு எடம் போட்டுத் தரேன். விருந்தாளிங்க வராத எடம். அங்க நின்னு எத வச்சு வேணும்னாலும் செய்."

ஒதிலியாவுக்கு விரலைக் காட்டிப் பேச வேண்டும் என்று தோன்றியது. பின்பக்கத்தைப் பற்றியும், அந்தக் 'கவனம்' பற்றியும் நிறையச் சொல்ல இருந்தது. சொன்னாலும் இந்த ஆளுக்குப் புரியாது என்று அதற்குள் சலித்துவிட்டது.

"பின்பக்கமெல்லாம் எனக்குச் சரிப்படாது. நீங்க வேற ஆளப் பாருங்க."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சிட்டேன்."

அவர் தொப்பியை வைத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். வண்டிச் சத்தம் ஆற்றைத் தாண்டும்வரை நிக்கானோர் பன்றியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, "பண்ணை வேலைய விட்டுட்டீங்களே" என்றான்.

ஒதிலியா பன்றியின் விலாவில் கையை வைத்துப் பார்த்தாள். ஆறத் தொடங்கியிருந்தது. ஆறிவிட்டால் பன்றித்தோல் சதையோடு ஒட்டிக்கொள்ளும், அதன்பிறகு அங்குலம் அங்குலமாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும், மணிக்கட்டு அதற்குத் தாங்காது. கல்லை எடுத்துக் கத்தியை நாலு இழுப்பு இழுத்தாள்.

"பேசிக்கிட்டே நிக்காத நிக்கானோரு. அந்தப் பக்கம் போய்த் தோல இழுத்துப் புடி. நல்லா இழு."