மாமாவின் அழுகுணி ஆட்டம்

எங்களுக்கு நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டம். அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான் இருந்தார். காலையில் பறித்த பூவை மூட்டை கட்டி, ரோட்டோரம் மார்க்கெட் வேனுக்குக் காத்திருக்கும்போது அவர் எனக்கு மூஞ்சி காட்டுவார். சிரித்தால் நான் தோற்றேன். நான் சிரித்ததும் அவர் மூஞ்சியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். எட்டு வயதில் நான் இந்தச் சட்டத்தில் படு கறார்.

அன்று மாமா வாயின் இடது ஓரத்தை மட்டும் தொங்கவிட்டார். அப்படியொரு மூஞ்சியை அதுவரை பார்த்ததில்லை. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "இன்னொருக்கா" என்றும் கேட்டேன். மூஞ்சி மாறவே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மாவிடம் போய், "மாமா அழுகுணி ஆட்டம் ஆடுறாரும்மா. நான் தோத்த பெறகும் மூஞ்சிய மாத்த மாட்டேங்குறாரு" என்று புகார் வைத்தேன்.

பழனிக்கு நடந்து போக மாலை போட்டிருந்த மாமாவுக்கு ஒருவேளைச் சாப்பாடுதான். விரதக் களைப்பு என்று நினைத்த அம்மா, பெட்டிக்கடையில் சோடா வாங்கி வந்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அப்போது வந்து நின்ற வேனின் டிரைவர் குதித்து இறங்கினார்.

"அக்கா, வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க. சாமி, ரெண்டு கையையும் தூக்குங்க."

இடது கை பாதியிலேயே இறங்கிவிட்டது. பேரைக் கேட்டால் குழறலாக ஏதோ வந்தது. டிரைவரின் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டார்களாம். டிரைவர் வேனிலிருந்த பூ மூட்டைகளை ரோட்டோரம் இறக்கிப் போட்டுவிட்டு, எங்களை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு விரட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, இது எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதுதான். அம்மாவுக்குத் தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். நான் மறுபடியும் செய்யச் சொன்னதால்தானே மூஞ்சி அப்படியே நின்றுவிட்டது? பொய் சொல்லிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். முடியவில்லை, அழுகை வந்துவிட்டது.

"பால்காரரு போனாருல்ல, அப்பத்தான். நாந்தான் இன்னொருக்கா கேட்டேன். இனிமே கேக்க மாட்டேன்."

பால்காரர் டாணென்று ஆறரைக்கு வருகிறவர் என்று அம்மா சொன்னாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஊசி போட இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார். பக்கவாதம் ஆரம்பித்துச் சில மணி நேரம் கடந்துவிட்டால் அந்த ஊசியைப் போட முடியாது என்பதெல்லாம் எனக்கு அப்போது எங்கே தெரியும்?

பத்து நாளில் மாமா நடந்தே வீட்டுக்கு வந்தார். வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவதான் என்னயக் காப்பாத்துனா" என்றார். அதுவும் அவருடைய அழுகுணி ஆட்டங்களில் ஒன்று என்றுதான் நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.