காம்ப்பில் இருக்கிற பொம்பிளை வீட்டார்

எங்கள் ஆட்களுக்குக் காம்ப் என்றால் இரண்டே இரண்டுதான். ஒன்று ஆமிக் காம்ப், மற்றது அகதிக் காம்ப். ஒரு மனுசர் கை கால் சுகத்தோடு, சொந்தக் காசில், புல்வெளியில் வாகனத்தை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே படுத்தெழும்பலாம் என்பதும், அப்படியான இடத்துக்கும் வெள்ளைக்காரன் காம்ப் என்றுதான் பெயர் வைத்திருக்கிறான் என்பதும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லண்டனில் இருந்த எங்கள் சனத்தில் பலருக்குத் தெரியாது. தெரியாததில் குற்றமில்லை. தெரியாத ஒன்றை ஊரெல்லாம் கொண்டுபோய்க் கதைத்ததுதான் குற்றம்.

நடந்தது இவ்வளவுதான். செவன் கிங்ஸில் இருந்த பிளாட்டை விற்றோம். ரெய்னர்ஸ் லேனில் பேசி முடித்த வீட்டுக்காரன், விற்க மாட்டேன் என்று கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டான். அடுத்த வீடு சரிவரும்வரை இன்னொருவர் வீட்டு முன்னறையில் ஒண்டிக்கொண்டிருக்க என் கணவருக்கு மனமில்லை. கட்டிலும் அடுப்பும் உள்ளேயே பூட்டிய பழைய கரவன் வான் ஒன்றை வாங்கி, தென்கிழக்கு லண்டனில் கரவன்காரர் தங்குகிற ஓர் இடத்தில், மரங்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். முதல் கிழமை ஏழு நாளும் நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு எனக்கே அது பிடித்துவிட்டது. கையை நீட்டினால் அடுப்பு, காலை நீட்டினால் கட்டில். மாமியார் முறையில் யாரும் வந்து அலுமாரியைத் திறந்து பார்க்கவும் முடியாது.

அந்த நேரத்தில்தான் தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. எங்களுக்கு அம்மாவும் அப்பாவும் இல்லை. அவள் கொழும்பில் ஒரு லொட்ஜில் தனியே இருந்தாள். பொலிஸ் வந்து கதவைத் தட்டி, அடையாள அட்டையைப் பார்த்து, யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற காலம் அது. ஒரு தடவை அவளையும் கொண்டுபோய் இரண்டு நாள் வைத்திருந்து விட்டார்கள். அவளை வெளியே எடுக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி ஒரு லண்டன் மாப்பிள்ளைதான். சாதகம் பொருந்தியது. படமும் பிடித்துக்கொண்டது. சட்டனில் இருந்த மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் எங்களைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று அந்த அம்மா தொலைபேசியில் கேட்க, என் கணவர் ஒளிவுமறைவில்லாமல், "காம்ப்சைட்டிலை, அன்ரி" என்று சொல்லி வழியும் சொன்னார். அந்த அம்மாவின் காதில் காம்ப் என்ற முன்பாதி மட்டும்தான் விழுந்தது.

அந்த ஞாயிறு விடியும்போதே மழை. லண்டன் மழை வழக்கமாகச் சிணுங்கும். அன்று அடித்து ஊற்றியது. கூரையில் விழுகிற சத்தத்தில் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கவில்லை. கட்டிலை மடித்து இருக்கையாக்கினேன். காயாத உடுப்புகளை எல்லாம் அள்ளி ஓட்டுநர் இருக்கையில் போட்டுத் திரையை இழுத்து மறைத்தேன். ஊறப்போட்ட கடலைப்பருப்பைப் போத்தலால் உருட்டி நசித்து வடை சுட்டேன். மழைக்கு ஜன்னலைத் திறக்க முடியாததால் எண்ணெய்ப் புகை முழுவதும் என் தலைமயிரில்தான் இறங்கியது.

அவர்களின் கார் புல்லில் வந்து நின்றது. அந்த அம்மா ஒரு கையில் குடையும் மறு கையில் இரண்டு பெரிய பைகளுமாக ஏறி வந்தார். வந்ததும் பைகளை என் கையில் திணித்தார்.

"இந்தாங்கோ பிள்ளை. இப்போதைக்கு இது காணும்."

உள்ளே அரிசி, பருப்பு, ரின்னில் அடைத்த மீன், பழைய சுவெற்றர்கள், ஒரு போர்வை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"காம்ப்பிலை சாப்பாடு தருவினமோ, நீங்களே சமைக்க வேணுமோ?" என்று கேட்டார்.

என் கணவருக்கு விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே, இது அகதிக் காம்ப் இல்லை, விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்குகிற இடம் என்று விளங்கப்படுத்தினார். அந்த அம்மா ஜன்னலால் எட்டிப் பார்த்தார். எதிரே ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி மழைக்கோட்டோடு துணிப் பந்தலின் கீழ் இருந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தது.

"அப்ப உதுகள் எந்த நாட்டு அகதிகள், பாவங்கள்?"

"அவை ஒல்லாந்துக்காரர், அன்ரி. லீவுக்கு வந்திருக்கினம்."

"லீவுக்கோ? இந்த மழைக்கோ?"

இதோடு முடிந்திருந்தால் நானும் சிரித்து மறந்திருப்பேன். முடியவில்லை.

"அப்ப உங்களுக்கு வீடு இல்லை" என்றார்.

"இப்ப இல்லை, அன்ரி. பாத்துக்கொண்டிருக்கிறம்" என்றேன்.

"அதைத்தானே பிள்ளை நானும் சொல்லுறன். இல்லை."

அவருடைய கணவர் வடையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இந்த அம்மாவும் சும்மா இருக்கவில்லை. ஒரு வடையைக் கடித்தபடி, எண்பத்து மூன்றுக் கலவரத்தில் தாங்களும் கொழும்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்ததை, பேப்பர் விரித்துப் படுத்ததை, கக்கூசுக்கு வரிசையில் நின்றதை எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காம்ப்பில் கிடந்து எழும்பி வந்தவருக்கே காம்ப் என்ற சொல் இளக்காரமாகப் போய்விட்டதென்றால், வேறு யாரிடம் போய் நியாயம் கேட்பது?

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளையை எங்களுக்குப் பிடிச்சிருக்கு. ஆனால் தாரை வாக்கிறது ஆர்?"

பெண்ணின் கையைப் பிடித்து, நீர் வார்த்து, மாப்பிள்ளையிடம் ஒப்புக்கொடுப்பது தாயும் தகப்பனும் செய்கிற காரியம். அவர்கள் இல்லாத வீட்டில் மூத்தவளும் அவள் புருசனும் செய்வார்கள். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

"நாங்கள்தான், அன்ரி."

"அதுதான் பிள்ளை யோசிக்கிறன். பொம்பிளை வீட்டார் காம்ப்பிலை இருக்கினம் எண்டு இப்பவே சனம் கதைக்குது. சபைக்கு முன்னாலை நாங்கள் என்னெண்டு முழிக்கிறது? ரெய்னர்ஸ் லேனிலை எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு புருசன் பெண்சாதி இருக்கினம். சொந்த வீடு. அவை தாரை வாத்துத் தருவினம். நீங்கள் வந்து வடிவா இருந்து பாருங்கோ."

சனம் கதைக்குதாம்! அந்தச் சனத்துக்குச் சொன்னது யார்? ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே ஊர்வாயே என் முன்னால் இருந்து என் வடையைத் தின்றுகொண்டிருந்தது. எழும்புங்கோ, கீழே இறங்குங்கோ என்று சொல்ல வாய் துடித்தது. மேசைக்குக் கீழே என் கணவர் காலால் என் காலை அழுத்தினார். லொட்ஜில் இருக்கிறவளை நினைத்துப் பல்லைக் கடித்தேன்.

"தங்கச்சியோடை கதைச்சிட்டுச் சொல்லுறம்" என்றார் என் கணவர்.

அவர்கள் புறப்பட்டபோது கார் சேற்றில் புதைந்துவிட்டது. அந்த அம்மா இறங்கவில்லை. என் கணவர் பின்னால் நின்று தள்ளினார். ஒல்லாந்துக்காரரும் மனைவியும் கோப்பியை வைத்துவிட்டு ஓடி வந்து தள்ளினார்கள். சில்லு சுழன்று, என் கணவர் அன்றைக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சேர்ட் முழுவதும் சேறு. "பாத்து, பாத்து" என்று கார் ஜன்னலால் ஒரு குரல் வந்தது. எங்களைப் பார்த்துச் சொன்னதா, காரைப் பார்த்துச் சொன்னதா தெரியாது.

நான் நனைந்துகொண்டே காம்ப்சைட் வாசலில் இருந்த தொலைபேசிப் பெட்டிக்கு ஓடினேன். லொட்ஜ் மனேஜர் தங்கச்சியைக் கூப்பிட்டுத் தந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அக்கா, நீங்களும் அத்தானும் தாரை வாக்காட்டில் எனக்கு உந்தக் கலியாணம் வேண்டாம். நான் இங்கையே இருக்கிறன்" என்றாள்.

அந்த அம்மாவுக்குப் பேசியிருக்க வேண்டிய பேச்சு அவ்வளவையும் அவளுக்குப் பேசினேன். "விசரி! ரோசம் பாக்கிற நேரமோ இது? நாளைக்கு உன்னை ஏத்திக்கொண்டு போனால் நான் எங்கை வந்து தேடுறது? ஓமெண்டு சொல்லு. சொல்லடி!"

"ஓம்" என்று அழுதாள்.

வைத்த பிறகும் பெட்டிக்குள்ளேயே நின்றேன். எனக்கு எல்லாரிலும் கோபம். அந்த மனுசியில், பொலிசில், வீட்டை விற்காதவனில், ஒரு நாள் முழுவதும் ஓயாத மழையில். ஓம் சொல்ல வைத்த என்னிலும்தான்.

தங்கச்சி வந்து சேர்ந்தாள். ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கலியாணம். எங்களுக்கு மூன்றாம் வரிசை. அந்த அம்மா சொன்ன சொந்த வீட்டுக்காரர் பட்டு வேட்டியும் சால்வையுமாக மணவறையில் பெண்ணின் தகப்பனுடைய இடத்தில் இருந்தார். அருகில் அவர் மனைவி செம்பும் கையுமாக. ஐயர் மந்திரத்தை நிறுத்திக் கேட்டார்.

"பொம்பிளையின்ரை தகப்பனார் பெயர்? பாட்டனார், பூட்டனார்?"

அந்த மனிதர் மனைவியைப் பார்த்தார். மனைவி மாப்பிள்ளையின் தாயைப் பார்த்தார். மாப்பிள்ளையின் தாய் ஐயரைப் பார்த்தார். தங்கச்சி வாய் திறக்கவில்லை. அவளுக்குத் தெரியாமலா? குனிந்த தலையோடு அப்படியே இருந்தாள். ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது.

நான் எழும்பினேன். மண்டபம் முழுவதும் கேட்க அப்பாவின் பெயரைச் சொன்னேன். அவருடைய அப்பாவின் பெயரை, அவருக்கும் அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ, அம்மா" என்றார் ஐயர்.

இன்னொருதரம், முதலில் சொன்னதைவிட உரக்கச் சொன்னேன். சனம் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். ஐயர் மூன்று பெயரையும் மந்திரத்தில் சேர்த்துக்கொண்டு போனார். இருங்கோ, இருங்கோ என்று பின்னாலிருந்து யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். நான் இருக்கவில்லை. நீர் வார்த்து முடியும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.